முன்னாள் கமாண்டோவும் மனநலச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"முன்னாள் கமாண்டோ கைது" என்று செய்தி வந்தால் போதும், கூடவே சில கேள்விகளும் கிளம்பிவிடும். இவரையெல்லாம் சோதிக்காமலா படையில் சேர்த்தார்கள்? போர் மூளையைக் கெடுத்துவிட்டதா? முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாதா? கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அமெரிக்க உதாரணங்கள். நீதிமன்ற ஆவணங்களும் ராணுவ விசாரணை அறிக்கைகளும் அங்கே வெளியே கிடைக்கின்றன என்பதுதான் காரணம். மற்ற நாட்டுப் படைகள் எல்லாம் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் குற்றம் செய்கிறார்களா?

மொத்தமாகப் பார்த்தால் இல்லை. வன்முறையை மட்டும் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 13,856 பிரிட்டிஷ் படையினரின் விவரங்களை போலீஸ் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு குற்றப் பதிவு உள்ள ஆண்கள் படையில் 17 சதவீதம். பொதுமக்களில் அதே வயது ஆண்களிடம் சுமார் 28 சதவீதம். அதாவது படையினர் பரவாயில்லை. ஆனால் 30 வயதுக்குக் கீழே உள்ள ஆண்களில் வன்முறைக் குற்றத்தை மட்டும் எடுத்தால், படையில் 20.6 சதவீதம், வெளியே 6.7 சதவீதம்.

அமெரிக்க நீதித்துறையின் 2011-12 கணக்கும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. முன்னாள் படையினர் சிறைக்குப் போகும் விகிதம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் சிறையில் இருக்கும் முன்னாள் படையினரில் 64 சதவீதம் பேர் வன்முறைக் குற்றத்துக்காக உள்ளே இருந்தார்கள். மற்ற கைதிகளில் அது 48 சதவீதம்.

கொல்லப் பழக்கிவிட்டு, அப்புறம் கொன்றான் என்று அதிர்ச்சி அடைவது நியாயமா?

கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதே பிரிட்டிஷ் ஆய்வில், நேரடிச் சண்டையில் இருந்தவர்களுக்கு, சமையல், பராமரிப்பு போன்ற வேலைகளில் இருந்தவர்களைவிட வன்முறைக் குற்ற வாய்ப்பு 53 சதவீதம் அதிகம். இராக்குக்கோ ஆப்கானிஸ்தானுக்கோ போய்வந்தது மட்டும் தனியாக எதையும் கூட்டவில்லை. அங்கே என்ன பார்த்தார், என்ன செய்தார் என்பதுதான் கூட்டியது. அதோடு திரும்பி வந்தபின் மிதமிஞ்சிய குடி, பி.டி.எஸ்.டி. (கொடூர அனுபவங்களுக்குப் பின் தங்கிவிடும் மனக்காயம்). இவற்றுக்கும் மேலாக, படையில் சேருவதற்கு முன்பே அடிதடி வழக்கு இருந்ததா என்பது. சண்டைக்கோழியான இளைஞர்களைத்தான் காலாட்படைக்குத் தேடிப்பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2002இல் ஃபோர்ட் பிராக்கில் நடந்தது என்ன?

வட கரோலினாவில் உள்ள ஃபோர்ட் பிராக், அமெரிக்கச் சிறப்புப் படைகளின், அதாவது கமாண்டோ பிரிவுகளின், தாய்வீடு. 2002 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, ஆறு வாரத்துக்குள், அந்தத் தளத்தைச் சேர்ந்த நான்கு படையினர் தங்கள் மனைவியரைக் கொன்றார்கள். நால்வரில் மூன்று பேர் சிறப்புப் படைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள், ஆப்கானிஸ்தானில் பணியாற்றியவர்கள். ஒருவர் ஊர் திரும்பி இரண்டே நாள் ஆகியிருந்தது. இரண்டு பேர் அதே துப்பாக்கியால் தாங்களும் சுட்டுக்கொண்டு இறந்தார்கள். இன்னொருவர் பின்னர் சிறையில் தூக்கிட்டுக்கொண்டார். நான்காமவர் சாதாரணப் பொறியியல் பிரிவுக்காரர், ஆப்கானிஸ்தான் பக்கமே போகாதவர். செய்தித்தாள்கள் இவரை மட்டும் சீக்கிரம் மறந்துவிட்டன. "போரிலிருந்து திரும்பிய கமாண்டோ" என்ற கதைக்குள் அவர் அடங்கவில்லை.

ஜூலை கடைசியில் அதே தளத்தின் சிறப்புப் படை மேஜர் ஒருவர் தன் வீட்டுப் படுக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் அவர் மனைவியும் ஒருவர்.

ராணுவம் ஒரு நோய்ப்பரவல் விசாரணைக் குழுவை அனுப்பியது. ஊரில் காலரா வந்தால் கிணற்றைத் தேடுவதைப்போல, இந்தக் கொலைகளுக்குப் பொதுவான ஒரு காரணத்தைத் தேடுவது அவர்கள் வேலை. அந்த ஆண்டு நவம்பரில் வெளியான அறிக்கையில் அப்படி ஒரே ஒரு கிணறு கிடைக்கவில்லை. ஏற்கெனவே உடைந்துகொண்டிருந்த திருமணங்கள், போர்முனைக்குப் போகச் சொல்லி அடிக்கடி வந்த களப்பணி உத்தரவுகள், ஆலோசகரிடம் போனால் பதவி போய்விடும் என்ற பயம். குறிப்பாக இந்தக் கடைசி விஷயத்தை அறிக்கை அழுத்திச் சொன்னது. சிறப்புப் படைக்காரருக்கு ரகசியப் பணிக்கான அனுமதிதான் பிழைப்பு. மனநல மருத்துவரைப் பார்த்தார் என்று கோப்பில் ஏறினால் அந்த அனுமதியே கேள்விக்குள்ளாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். வீட்டில் என்ன நடந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

அதற்குக் காரணம் மலேரியா மாத்திரை என்று படித்தேனே?

மெஃப்ளோகுவின், விற்பனைப் பெயர் லாரியம். வாரம் ஒரு மாத்திரை என்பதால் படைகளுக்கு வசதி. அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் உருவானதும்கூட. மனப்பிரமை, தீவிரப் பதற்றம், கெட்ட கனவுகள் சிலருக்கு வரும் என்பது உண்மை. ஆனால் ஃபோர்ட் பிராக் கொலைகளை அது விளக்காது என்று அந்த விசாரணைக் குழு சொன்னது.

அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மாத்திரையின் நரம்பு, மனநலப் பக்கவிளைவுகள் நிரந்தரமாகவே தங்கிவிடலாம் என்று மிகக் கடுமையான கறுப்புப் பெட்டி எச்சரிக்கையை ஒட்டச் சொன்னது. அதே ஆண்டு ராணுவச் சிறப்புப் படைத் தலைமை அதைத் தன் வீரர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. நான்கு கொலைக்கும் மாத்திரைமேல் பழிபோடுவது தவறு. மாத்திரை அப்பாவி என்பதும் தவறு.

சிறப்புப் படைக்கு ஆள் எடுக்கும்போது மனதைச் சோதிப்பார்களா, மாட்டார்களா?

நன்றாகவே சோதிப்பார்கள். சாதாரணப் படைவீரருக்குச் சேரும்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. பழைய மனநலச் சிகிச்சை, போலீஸ் வழக்கு பற்றிய கேள்விகள், மருத்துவரின் சுருக்கமான பேச்சு. அவ்வளவுதான். சிறப்புப் படை என்றால் நிலைமையே வேறு. பசுந்தொப்பி (கிரீன் பெரே) என்று அழைக்கப்படும் அமெரிக்க ராணுவச் சிறப்புப் படைக்கான தேர்வுமுகாம் 1988இல் தொடங்கியது. ஃபோர்ட் பிராக் பக்கத்தில் உள்ள கேம்ப் மெக்கால் என்ற இடத்தில் சுமார் மூன்று வாரம் நடக்கும். தூக்கமில்லாமல் முதுகில் சுமையோடு காட்டில் வழி தேடும் நடைக்கு நடுவே நுண்ணறிவுச் சோதனை, ஆளுமைக் கேள்வித்தாள், உளவியலாளரோடு நேர்காணல் எல்லாம் உண்டு. கூட இருக்கும் போட்டியாளர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறையும் உண்டு. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உருப்படியான சோதனை இதுதான். உளவியலாளரை ஒரு மணி நேரம் ஏமாற்றலாம், பத்து நாள் ஒரே சகதியில் கிடப்பவனை ஏமாற்ற முடியாது.

கேள்வித்தாள் என்றால் பெரும்பாலும் எம்.எம்.பி.ஐ. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1940களில் உருவானது. நூற்றுக்கணக்கான வாக்கியங்களுக்கு "சரி", "தவறு" என்று குறிக்க வேண்டும். பொய் சொல்பவரைக் காட்டிக்கொடுக்கவும் அதில் தனி அளவைகள் உண்டு.

இந்தப் பாணித் தேர்வின் மூதாதை இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்பு, வாஷிங்டனுக்கு அருகே ஃபேர்ஃபேக்ஸில் ஒரு பண்ணை வீட்டை எடுத்து, ஹார்வர்டு உளவியலாளர் ஹென்றி மர்ரே தலைமையில் ஆட்களை எடைபோட்டது. ஒரு சோதனையில், பத்து நிமிடத்தில் மரச்சட்டங்களால் ஒரு பெரிய கூடு கட்ட வேண்டும். உதவிக்கு இரண்டு பேர் தருவார்கள். அந்த இரண்டு பேரும் உளவியலாளர்களின் ஆட்கள். ஒருவன் சோம்பேறி, இன்னொருவன் கட்ட வருபவரைக் கிண்டலடித்துக்கொண்டே இருப்பான். வேலை முடிவதே கிடையாது. ஆள் எப்போது கொதிக்கிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். போர் முடிந்தபின், தாங்கள் கணித்ததும் களத்தில் நடந்ததும் சுமாராகத்தான் பொருந்தின என்று அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது.

நம்மூர்ப் பிள்ளைகள் போகும் எஸ்.எஸ்.பி. நேர்காணலும் இதுதானா?

ஒரே குடும்பம் என்று சொல்லலாம். இந்தியப் படைகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. முறை 1942இல் பிரிட்டன் தொடங்கிய அதிகாரி தேர்வு வாரியங்களின் வழியில் வந்தது. படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்களே, அந்தச் சோதனையை 1930களில் உருவாக்கியவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே ஹென்றி மர்ரே. ஆனால் எஸ்.எஸ்.பி. தேடுவது தலைமைப் பண்பை. அதிகாரிக்குரிய குணங்கள் என்று பதினைந்து வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து இவர் வீட்டில் கை ஓங்குவாரா என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வளவு சோதித்தும் ஏன் தப்பிவிடுகிறார்கள்?

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான். பத்தாயிரம் பேரில் பத்துப் பேர் என்றாவது ஒருநாள் கொலை செய்யப்போகிறார்கள் என்று வையுங்கள். உங்களிடம் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. உண்மையில் அவ்வளவு நல்ல சோதனை உலகத்தில் எங்கும் கிடையாது; இருந்தாலும் வைத்துக்கொள்வோம். அது பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கும். கூடவே, ஒரு தப்பும் செய்யப்போகாத 999 பேரையும் பிடிக்கும். இந்த ஆயிரத்துச் சொச்சம் பேரையும் வீட்டுக்கு அனுப்பினால்தான் அந்த ஒன்பது பேரும் போவார்கள். எந்தப் படையும் சம்மதிக்காது.

அமெரிக்கா உண்மையிலேயே இதைச் செய்து பார்த்தது. இரண்டாம் உலகப் போரில் மனநலக் காரணம் சொல்லி 17 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களைப் படையில் சேர்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். பல இடங்களில் மருத்துவர் பேசியது இரண்டு மூன்று நிமிடம்தான். அப்படி வடிகட்டியும் போர்முனையில் மனம் உடைந்தவர்களின் விகிதம் முதல் உலகப் போரைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஒருமுறை திருப்பி அனுப்பி, பிறகு ஆள் பற்றாக்குறையில் மறுபடி சேர்த்துக்கொண்ட சிலரைப் பின்னால் ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் குறை சொல்ல முடியாதபடி பணியாற்றியிருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சோதனை நடப்பது இருபத்து மூன்று வயதில். எட்டுக் களப்பணி, இரண்டு விவாகரத்து, காதருகே வெடித்த எண்ணற்ற வெடிகள் எல்லாம் அதற்கப்புறம் வருகின்றன.

அப்படியானால் முன்கூட்டியே தெரிந்த நிகழ்வே கிடையாதா?

இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். பல வழக்குகளில் ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் எழுதியும் வைத்தார்கள். கீழே வரும் மூவரும் கமாண்டோக்கள் அல்ல. ஆனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இவர்களைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஸ்டீவன் கிரீன். 2005இல், சில்லறைக் குற்றப் பதிவுகளுக்கு விலக்கு கொடுத்து, அமெரிக்க ராணுவம் இவரைச் சேர்த்துக்கொண்டது. இராக் போருக்கு ஆள் கிடைக்காத காலம். பெயர்பெற்ற 101ஆவது ஏர்போர்ன் டிவிஷனில் காலாட்படை வீரராக பாக்தாதுக்குத் தெற்கே போனார். அந்த டிசம்பரில், களத்தில் மனஅழுத்தம் பார்க்கும் குழுவிடம் இராக்கியர்களைக் கொல்ல வேண்டும்போல் இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். குறித்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்துத் தூங்கச் சொல்லி, அதே சாவடிக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2006 மார்ச்சில் மஹ்மூதியாவில் பதினான்கு வயதுச் சிறுமியைக் கூட்டாக வல்லுறவு செய்து கொன்றதிலும், அவளுடைய அப்பா, அம்மா, ஆறு வயதுத் தங்கையைக் கொன்றதிலும் அவர் முதன்மைக் குற்றவாளி. குற்றம் வெளியே தெரிவதற்கு முன்பே, சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று சொல்லி ராணுவம் அவரை விடுவித்திருந்தது. அதனால் அவர் விசாரிக்கப்பட்டது கென்டக்கியில், சாதாரணக் குடிமகனாக. ஆயுள் தண்டனை, 2014இல் சிறையில் இறந்தார்.

டெவின் கெல்லி, விமானப்படை. மனைவியையும் சின்னக் குழந்தையையும் அடித்ததற்காக 2012இல் ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. அந்தத் தண்டனை எஃப்.பி.ஐ. பட்டியலுக்குப் போயிருந்தால் கடையில் துப்பாக்கி வாங்க முடியாது. விமானப்படை அனுப்பவில்லை. 2017 நவம்பரில் டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் அவர் சுட்டதில் 26 உயிர்கள் போயின. 2021இல் ஒரு நீதிபதி, பொறுப்பில் 60 சதவீதம் அரசுடையது என்று தீர்ப்பளித்தார். இதில் உளவியலுக்கு வேலையே இல்லை, ஒரு படிவத்தை அனுப்பியிருந்தால் போதும்.

ராபர்ட் கார்டு, ரிசர்வ் படையின் கையெறி குண்டுப் பயிற்சியாளர். தன்னைப் பற்றி எல்லோரும் தப்பாகப் பேசுகிறார்கள் என்ற பிரமை கூடிக்கொண்டே போனது. குடும்பம் போலீஸிடம் சொன்னது. படைப்பிரிவு 2023 ஜூலையில் மருத்துவமனைக்கு அனுப்பியது. இரண்டு வாரம் இருந்தார். சக வீரர் ஒருவர், இவர் எங்காவது போய்ச் சுட்டுத்தள்ளிவிடுவார் என்று மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பினார். துப்பாக்கிகளை யாரும் எடுக்கவில்லை. அக்டோபர் 25 அன்று மெய்ன் மாநிலம் லூயிஸ்டனில் அவர் சுட்டு 18 பேர் இறந்தார்கள். மாநில விசாரணைக் குழு 2024இல் போலீஸையும் ராணுவத்தையும் நேரடியாகவே குறை சொன்னது.

கார்டுக்கு மூளையில் காயம் இருந்ததாமே?

இருந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வகம் அவர் மூளையின் நரம்பிழைகளில் சேதத்தைக் கண்டது. பயிற்சிக் களத்தில் ஆயிரக்கணக்கான குண்டு வெடிப்புகளுக்கு அருகே நின்றவர். ஆனால் அந்தச் சேதம்தான் கொலைக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லவில்லை. 2016இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டேனியல் பெர்ல் குழு, வெடிப்பதிர்வுக்கு ஆளான வீரர்களின் மூளையில் ஒரு தனிவகைத் தழும்பைக் காட்டியது. சிறப்புப் படைக்காரர்கள் கதவைத் தகர்ப்பதிலும் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டிலும் பயிற்சியிலேயே நிறைய அதிர்வு வாங்குகிறார்கள். அதைக் கேள்வித்தாளில் பிடிக்க முடியாது, உயிரோடு இருப்பவரின் ஸ்கேனிலும் தெரியாது.

டிமத்தி மெக்வே சிறப்புப் படைக்காரர்தானே?

இல்லை. 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்பில் 168 பேரைக் கொன்ற மெக்வே, வளைகுடாப் போரில் பதக்கம் வாங்கிய கவச வாகனப் பீரங்கிக்காரர். 1991இல் பசுந்தொப்பித் தேர்வுமுகாமுக்குப் போய் இரண்டாம் நாளே தானாக விலகினார். 2002இல் மறைந்திருந்து பலரைச் சுட்டு வாஷிங்டனை நடுங்க வைத்த ஜான் ஆலன் முகமதுவும் படையில் ஸ்னைப்பர் அல்ல. குறிபார்த்துச் சுடுவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய பொறியியல் பிரிவுக்காரர். தலைப்பில் "கமாண்டோ" வந்தால் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

எல்லாவற்றுக்கும் பி.டி.எஸ்.டி.தானா?

கிடையாது. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் டகோமா நகர வங்கி ஒன்றை முகமூடி அணிந்த சிலர் மூன்று நிமிடம்கூட ஆகாமல் கொள்ளையடித்துப் போனார்கள், 54,000 டாலர். தலைவன் பக்கத்து முகாமின் ரேஞ்சர் என்ற அதிரடிப் படையின் வீரன், லூக் சாமர். மனம் உடைந்தவர் செய்த காரியமாக அது இல்லை. வீட்டுக்குள் புகுவதற்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கை வங்கிக்குள் புகப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய உதாரணம் மெக்சிகோ. காஃபே என்ற சிறப்புப் படையிலிருந்து 1997இல் ஓடிய ஆர்டுரோ குஸ்மான் தெசேனா, வளைகுடா போதைக் கும்பலின் தலைவனுக்குப் பாதுகாவலரானார். தன் பழைய தோழர்களை ஒவ்வொருவராக இழுத்தார். அப்படி முப்பது பேர் அளவில் தொடங்கியதுதான் சீட்டாஸ் என்ற ஆயுதக் கும்பல். 2010 ஆகஸ்டில் சான் ஃபெர்னாண்டோவில் 72 குடியேறிகளைக் கொன்றவர்கள் இவர்கள்தான். 2008இல் நுவேவோ லரேடோ நகரத்தில் பகிரங்கமாகவே பதாகை கட்டி ஆள் பிடித்தார்கள்: ராணுவத்தினரே வாருங்கள், நல்ல சம்பளம், சாப்பாடு, குடும்பத்துக்குக் கவனிப்பு, இங்கே நூடுல்ஸ் பாக்கெட் கொடுத்து ஏமாற்ற மாட்டோம் என்று. இதற்கு எந்த உளவியலாளரும் மருந்து தர முடியாது. சம்பளமும் மரியாதையும் சம்பந்தப்பட்ட விஷயம்.

இலங்கையிலும் இதன் சாயல் உண்டு. போர்க்காலத்திலிருந்தே படையிலிருந்து தப்பியோடியவர்கள் பாதாள உலகக் குழுக்களுக்குக் கூலிக்கு வேலை செய்வது பழைய தலைவலி. 2025இல் துப்பாக்கிச் சூடுகள் கூடியபோது அரசு முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று, தப்பியோடியவர்களைத் தேடிப்பிடிப்பது.

திரும்பி வந்தபின் சோதிக்கலாமே?

சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் களப்பணி முடிந்ததும் ஒரு படிவம்; 2005 முதல், மூன்று முதல் ஆறு மாதம் கழித்து இன்னொரு படிவம். சிக்கல் என்னவென்றால், தூக்கம் வருவதில்லை என்று டிக் அடித்தால் வீட்டுக்குப் போவது தள்ளிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே படைப்பிரிவினரிடம் பெயரோடு ஒருமுறையும் பெயரில்லாமல் ஒருமுறையும் இதே கேள்விகளைக் கேட்டார்கள். பெயரில்லாத தாளில் மனச்சோர்வு, பி.டி.எஸ்.டி., தற்கொலை எண்ணம் எல்லாம் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம்.

பயத்தைக் குறைக்க, 2008இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், போரினால் ஏற்பட்ட பிரச்சினைக்கு ஆலோசனை பெற்றதை ரகசிய அனுமதிப் படிவத்தில் குறிப்பிட வேண்டாம் என்று மாற்றினார். சிறப்புப் படைத் தலைமை பின்னர் உளவியலாளர்களைப் பிரிவுகளுக்குள்ளேயே உட்கார வைத்தது. மருத்துவமனை வாசலில் நிற்பதைவிட, தேநீர் குடிக்கிற இடத்தில் பேசுவது சுலபம்.

மனைவி புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

முன்பெல்லாம் அது கணவரின் கட்டளை அதிகாரியின் மேசைக்குப் போகும். இங்கே ஒரு சட்டமும் குறுக்கே வந்தது. 1996இல் நிறைவேறிய லாட்டன்பெர்க் திருத்தத்தின்படி, குடும்ப வன்முறைக்குத் தண்டனை பெற்றவர், சிறு குற்றமாக இருந்தாலும், துப்பாக்கி தொடக்கூடாது. படைவீரருக்கும் விலக்கு இல்லை. நல்ல சட்டம். ஆனால் துப்பாக்கி தொட முடியாத கமாண்டோவுக்கு வேலை ஏது? பல லட்சம் டாலர் செலவழித்துப் பழக்கிய ஆளை இழக்க மனமில்லாத அதிகாரி, வழக்கைக் கண்டிப்புக் கடிதமாகவோ கோப மேலாண்மை வகுப்பாகவோ சுருக்கிவிடத் தூண்டுதல் இருந்தது. புகார் கொடுத்தால் குடும்பச் சம்பளமே போகும் என்பதால் மனைவியும் தயங்குவார்.

2023 டிசம்பர் 28 முதல் இந்த முறை மாறியிருக்கிறது. கொலை, பாலியல் தாக்குதல், குடும்ப வன்முறை போன்றவற்றில் வழக்குத் தொடரலாமா என்ற முடிவு இப்போது கட்டளை அதிகாரியிடம் இல்லை. தனியான ராணுவ வழக்கறிஞர்கள் குழுவிடம் இருக்கிறது. புகார் கொடுக்க இரண்டு வழிகள். ஒன்றில் விசாரணை தொடங்கும். மற்றதில் மருத்துவமும் ஆலோசனையும் மட்டும் கிடைக்கும், கணவரின் அதிகாரிக்குத் தகவல் போகாது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் இந்த இரண்டாவது வழியின் ரகசியம் செல்லாது.